பிராக்டிஸுக்கு மட்டம் போடும் பிள்ளைகளை என்ன செய்வது? புதிதாகக் கோச்சாக இறங்குபவர்களுக்கு

கோபி, சத்தி, அவினாசி, பல்லடம் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூட மைதானத்திலோ ஊர்க் கிரவுண்டிலோ பிள்ளைகளுக்கு வாலிபாலோ கபடியோ சொல்லிக்கொடுக்க இப்போதுதான் இறங்கியிருக்கிறீர்களா? உங்களுக்கு வரப்போகும் முதல் தலைவலி சர்வீஸும் இல்லை, பிளாக்கும் இல்லை. 5.30-க்கு விசில் ஊதும்போது 12 பேரில் 7 பேர்தான் நிற்பார்கள். அந்த ஏழில் செட்டர் (ஸ்மாஷ் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன்) இருக்கமாட்டான்.

நான் வாலிபால் ஆள், அதனால் உதாரணமெல்லாம் அதிலிருந்துதான் வரும். கபடி, கோ-கோ, ஃபுட்பால் எதுவானாலும் முறை இதேதான். தனியாக ஓடுகிற பிள்ளை, குண்டு எறிகிற பிள்ளை மட்டம் போட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளையோடு போய்விடும். டீம் ஆட்டத்தில் அப்படி இல்லை, செட்டர் வராவிட்டால் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மற்ற எல்லோருடைய சாயங்காலமும் வீண். அதனால்தான் இதை "வந்தால் வரட்டும், போனால் போகட்டும்" என்று விட முடிவதில்லை.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அக்கறை இல்லைங்க" என்று நாலு பேர் உங்களிடம் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நாம் பிராக்டிஸ் வைக்கிற சாயங்காலம் 4.30-லிருந்து 7 மணி வரைதான் நம் பக்கத்து வீடுகளில் ஆள் அதிகமாகத் தேவைப்படும் நேரம். பால் கறக்க, சொசைட்டிக்குக் கொண்டுபோக, ஆட்டைப் பட்டியில் அடைக்க, தறியில் அப்பாவை மாற்றிவிட, டியூஷனுக்கு ஓட எல்லாம் அந்த நேரத்தில்தான். நேரத்தைச் சரிசெய்தாலே மட்டம் போடுகிறவர்களில் பெரும்பகுதி வந்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு பேருக்குத்தான் விதி, கண்டிப்பு எல்லாம்.

1. நோட்டு போடுங்கள்

கடையில் கிடைக்கிற நீள நோட்டு ஒன்று போதும். ஆப் வேண்டாம், போனில் சார்ஜ் இல்லாத நாளில்தான் தகராறு வரும். பெயர், வந்த நேரம், போன நேரம், வராததற்குக் காரணம், அதை யார் சொன்னது என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வெறும் 'ஆப்சென்ட்' என்று எழுதுவதில் பிரயோசனமில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டு வராததையும் சொல்லாமல் வராததையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள், பின்னால் வரும் எல்லா முடிவும் இந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான். பிள்ளை ஒரு காரணமும் வீட்டில் வேறு காரணமும் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள். யார் சொல்வது பொய் என்று அன்றைக்கே விசாரணை வைக்க வேண்டாம்.

ஒரு மாதம் ஆனதும் உட்கார்ந்து படியுங்கள். பெயர் வாரியாகப் படிப்பதற்கு முன் கிழமை வாரியாகப் படியுங்கள், இதைத்தான் யாரும் செய்வதில்லை. புதன்கிழமை மட்டும் நாலு பேர் குறைகிறார்கள் என்றால் அன்றைக்கு ஊரில் சந்தையாக இருக்கும், அப்பா அம்மா சந்தைக்குப் போனால் ஆடு மாட்டுக்குப் பிள்ளைதான் காவல். சனிக்கிழமை காலியாக இருந்தால் பனியன் கம்பெனிச் சம்பள நாள், வீட்டில் எல்லோரும் கடைக்குப் போயிருப்பார்கள். அமாவாசை என்றால் கோயில். அந்தக் கிழமையை விடுமுறையாக்கிவிட்டு வேறு நாளில் பிராக்டிஸ் வைத்தால் பேச்சுவார்த்தையே தேவைப்படாது.

2. ஒரு பக்கத்தில் விதி, கூடவே கையெழுத்தும் ஆவணங்களும்

ஜூனில் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். குறுவட்டப் போட்டி (பக்கத்துப் பள்ளிகளுக்குள் நடக்கும் முதல் கட்டப் போட்டி) பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டிலேயே வந்துவிடும், அப்போது விதியைச் சொன்னால் "நேத்து வரைக்கும் சொல்லவே இல்லீங்களே" என்பார்கள். அது நியாயமான கேள்விதான்.

விதி தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு விடுவோம், வர முடியாவிட்டால் யாருக்கு எந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும் (நாங்கள் 4 மணி என்று வைத்திருக்கிறோம்), சொல்லாமல் வராவிட்டால் என்ன ஆகும், எதற்கெல்லாம் கேள்வியே கேட்கமாட்டோம். கடைசியில் சொன்ன அந்தப் பட்டியல் முக்கியம். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், ஊர் நோம்பி (கோயில் திருவிழா), பரீட்சைக்கு முந்தின நாள், இந்த நாலுக்கும் கேள்வி இல்லை, தகவல் மட்டும் போதும் என்று எழுதிவிடுங்கள். உங்கள் பக்கக் கடமையையும் எழுதுங்கள்: சொன்ன நேரத்துக்கு விடுவேன், அடிக்கமாட்டேன், பிராக்டிஸ் ரத்தானால் 3 மணிக்குள் சொல்வேன். கோச் கையெழுத்துப் போடாத விதியை எந்த வீட்டிலும் மதிக்கமாட்டார்கள்.

அப்பா அம்மாவில் ஒருவர், பிள்ளை, நீங்கள் என மூன்று கையெழுத்து, இரண்டு பிரதி. பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரும் பி.டி. சாரும் பார்த்ததற்கு அடையாளமாக ஒரு சுருக்கொப்பம்.

கையெழுத்துக்கு வரும்போதே இதையெல்லாம் வாங்கிவிடுங்கள்: பிறப்புச் சான்று நகல், ஆதார் நகல், பள்ளியில் படிப்பதற்கான போனஃபைட், எமிஸ் எண் (பள்ளிப் பதிவில் இருக்கும் மாணவர் அடையாள எண்), போட்டோ, ரத்த வகை, அவசரத்துக்கு இரண்டு பேரின் போன் எண். ஒன்று அப்பா எண், இன்னொன்று கட்டாயம் பக்கத்தில் இருக்கிற ஆள், சித்தப்பாவோ அம்மிச்சியோ (அம்மாவைப் பெற்றவர்) யாராவது. மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் மருத்துவர் எழுதிய சீட்டு. போட்டோவும் ஜெராக்ஸும் சேர்ந்து ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். போட்டிக்குப் பெயர் கொடுக்கிற கடைசி நாளில் பிறப்புச் சான்றுக்கு ஓடுகிற ஓட்டம் இதனால் மிச்சம்.

பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு காலை 9 மணிக்கு வையுங்கள். கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு வேறு நாள் கிடையாது, 11 மணி தாண்டினால் கறி எடுத்து வந்து சமையல் ஆரம்பமாகியிருக்கும். நாள் குறிப்பதற்கு முன் காலண்டரில் முகூர்த்தமா என்று பாருங்கள், வளர்பிறை முகூர்த்த ஞாயிறில் கூட்டம் வைத்தால் நீங்களும் பி.டி. சாரும் மட்டும்தான் டீ குடிப்பீர்கள்.

விதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாமல் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மாக்கள் "பார்த்துட்டேனுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், பின்னால் அதுவே சண்டையாகும்.

3. வருடக் காலண்டரை முன்னாலேயே கட்டம் கட்டுங்கள்

செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு, இது எல்லோருக்கும் தெரியும். அதோடு நம் பக்கத்துக் கணக்கையும் சேர்க்க வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித் தண்ணீர் விடுவார்கள், அப்புறம் நாற்று, நடவு என்று தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இருக்கும் பிள்ளைகளை இரண்டு வாரம் பார்க்க முடியாது. ஆடி 18-க்குப் பவானி கூடுதுறை. மார்கழியில் பாரியூர் குண்டம், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, மாசியில் கோவை கோனியம்மன் தேர், பங்குனியில் பண்ணாரியும் ஈரோடு பெரிய மாரியம்மனும். பொங்கலுக்கு நாலு நாள் யாரையும் கூப்பிடாதீர்கள்.

இதெல்லாம் பெரிய கோயில்கள். உங்களுக்கு வேண்டியது ஊர் நோம்பியின் தேதி. ஒவ்வொரு ஊரிலும் எப்போது பூச்சாட்டி நோம்பி தொடங்கும், எப்போது கம்பம் நடுவார்கள் என்று பெற்றோர் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கம்பம் நட்ட பிறகு, காப்புக் கட்டிய வீட்டுப் பிள்ளை வெளியூரில் ராத்தங்கக்கூடாது என்பார்கள். அந்த வாரத்தில் இரண்டு நாள் போட்டிக்குச் சேலத்துக்கு அழைத்தால் பிள்ளை வராது, நீங்கள் வற்புறுத்தினால் அடுத்த மாதமும் வராது. இது மட்டம் இல்லை, இதில் விட்டுக்கொடுத்தால் வீட்டுக்காரர்கள் மற்ற நாளில் உங்கள் பக்கம் நிற்பார்கள்.

ஏப்ரல், மே மாதத்தில் ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் 40 டிகிரி சாதாரணம். சாயங்காலத் தரையே கொதிக்கும். காலை 6 மணிக்கு மாற்றுங்கள். பிள்ளைகளில் பாதி அம்மிச்சி வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்பதால் அந்த மாதத்தில் வருகையைக் கணக்கில் எடுக்காமல் வந்தவர்களை வைத்து அடிப்படையை மட்டும் பாருங்கள்.

4. வராத அன்றைக்கே, 6 மணிக்குள், வீட்டுக்குப் போன்

இதை ஒழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. "கிரவுண்டுக்குப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய பிள்ளை உங்களிடம் வரவில்லை என்றால், அது எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதத்தில் பையன்கள் கூட்டமாகக் குளிக்கப் போவார்கள், நீச்சல் தெரியாதவனும் கூடப் போவான். மதகுப் பக்கம் இழுப்பு எவ்வளவு என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் தகவல் சொல்லாத பிள்ளை அரை மணி நேரத்தில் வராவிட்டால் போன் போட்டே ஆக வேண்டும். பயிற்சி நடத்துகிற கையோடு முடியாது என்றால் பெரிய பிள்ளை ஒருவரைப் பந்து போடச் சொல்லிவிட்டு நீங்கள் பேசுங்கள்.

எப்படிக் கேட்பது? "உங்க பையன் ஏன் வரலை?" என்று ஆரம்பித்தால் எதிர்முனையில் அப்பா கோபமாகிவிடுவார், அந்தக் கோபம் ராத்திரி பிள்ளையின் முதுகில் இறங்கும். "ஏனுங்ணா, தம்பி இன்னைக்கு கிரவுண்டுக்கு வரலீங்க, உடம்புகிடம்பு சரியில்லீங்களா?" என்று கேளுங்கள். வீட்டில் இருந்தால் சரி, வைத்துவிடலாம். "அங்கதானுங்க வந்தான்" என்று பதில் வந்தால் பயமுறுத்தாமல் அவனுடைய நண்பர்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கச் சொல்லுங்கள், நீங்களும் வந்திருக்கிற பிள்ளைகளைக் கேளுங்கள். யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

வாட்ஸ்அப் குரூப்பில் "இன்று வராதவர்கள்" என்று பெயர்ப் பட்டியல் போடாதீர்கள். ஒறம்பரை, பங்காளி எல்லாம் ஒரே குரூப்பில் இருக்கிற ஊர் இது. ஒரு பெயரைப் பார்த்துவிட்டு நாலு வீட்டில் பேச்சு கிளம்பும், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் வரவே வராது. குரூப் நேரத்தையும் இடத்தையும் சொல்ல மட்டும். பிள்ளைகளோடு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளோடு, தனியாக மெசேஜ் பேச்சு வைத்துக்கொள்ளவே வேண்டாம். அம்மாவையும் சேர்த்து ஒரு குரூப் வையுங்கள், இல்லாவிட்டால் அம்மாவின் எண்ணிலேயே பேசுங்கள்.

5. காரணத்தைப் பிரியுங்கள்

ஒரே பிள்ளை மாதத்தில் மூன்று முறை சொல்லாமல் நின்றால் தனியாகப் பேசுங்கள். மற்றவர்கள் கண்ணில் படுகிற இடத்தில், காதுக்கு எட்டாத தூரத்தில். "என்ன கண்ணு, எதனால வர முடியலை?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுத்தால் "ஆமாங்க சார்" என்று அதையே பிடித்துக்கொள்ளும்.

டியூஷன் என்றால் டியூஷன் எடுப்பவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பெற்றோர் மூலம் சொல்லி அனுப்பினால் நடக்காது. வாரத்தில் இரண்டு நாள் 7 மணி பேட்ச்சுக்கு மாற்றிவிடுவார்கள். 10, 12-ஆம் வகுப்பு என்றால் பேரத்தை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள், ஜனவரிக்கு மேல் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டால் அந்த வருடம் ஆட்டத்தை மறந்துவிடுங்கள், வற்புறுத்திப் பலனில்லை.

வீட்டு வேலை என்றால் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு 5.30 ஆகும் என்றால், 5 மணிக்கு வருபவர்களுக்குச் சர்வீஸும் பாஸிங்கும், 5.45-க்கு மேல் எல்லோரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம். தாமதமாக வந்தவனைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தாதீர்கள். அரை மணி தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை கிளம்பவே மாட்டான். அதே சமயம் வேலை என்பது வீட்டிலும் தோட்டத்திலும் கை கொடுப்பதாக இல்லாமல், 14 வயது ஆகாத பிள்ளை கம்பெனியில் பீஸ் அடுக்கப் போகிறது என்று தெரிந்தால் அது சட்டப்படி குற்றம். முதலில் பள்ளியில் சொல்லுங்கள், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

பஸ். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். மாணவர் பாஸ் வீட்டுக்கும் பள்ளிக்கும்தான், கிரவுண்டு வேறு ஊரில் என்றால் டிக்கெட் எடுக்க வேண்டும். தினமும் 20 ரூபாய் கேட்கக் கூச்சப்பட்டு வராமல் நிற்கும் பிள்ளைகள் உண்டு. பெண் பிள்ளைகள் சாதாரண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம், ஆனால் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, ஸ்டாப்பில் இறங்கி சாளை வரைக்கும் காட்டுப் பாதையில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெண்கள் அணிக்கு விடும் நேரத்தைக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு நாள் அந்த பஸ்ஸை விட வைத்தீர்கள் என்றால் அந்தப் பெண்ணோடு அதே ஊரிலிருந்து வரும் மூன்று பேரும் நின்றுவிடுவார்கள்.

வலி. 10-லிருந்து 15 வயதுக்குள் வேகமாக வளர்கிற பிள்ளைகளுக்கு, குதிக்கிற ஆட்டத்தில், முழங்கால் சிப்பிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது உண்டு. தொட்டால் துடிப்பார்கள். சோம்பேறித்தனம் என்று திட்டி ஆட வைக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டி, குதிப்பதைக் குறைத்து, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள். பெண் பிள்ளை சீக்கிரம் களைத்து, மூச்சு வாங்கி, வாரத்துக்கு இரண்டு நாள் நின்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்குகிறதா, ஜன்னல் வழியாகப் போடுகிறதா என்று அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் வராததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, 'உடம்பு சரியில்லை' என்றால் போதும் என்று முதல் நாளே பொதுவாகச் சொல்லிவிடுங்கள். மைதானத்தில் தாழ்ப்பாள் போடுகிற கழிப்பறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத மைதானத்தில் பெண் பிள்ளைகளின் வருகையைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு வாயே இல்லை.

அளவுக்கு மீறிய பயிற்சியும் ஒரு காரணம். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும் என்பது குழந்தை விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. 12 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி அணி, ஊர் அணி, உங்கள் அணி மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 12 மணி தாண்டியிருந்தால் அது மட்டம் போடுவதே நல்லது.

ஆட வாய்ப்பே கிடைக்காத பிள்ளை ஒரு வகை. இரண்டு மாதமாகப் பந்து பொறுக்கிப் போடுகிறவன் மூன்றாவது மாதம் ஏன் வர வேண்டும்? இது நம் பக்கத்துக் கோளாறு. ஒவ்வொரு பிராக்டிஸிலும் கடைசி 15 நிமிடம் பெஞ்ச் ஆட்கள்தான் முதல் ஆறு என்று வையுங்கள்.

கடைசியாக, பயம். சீனியர் பையன்கள் சாதிப் பெயரையோ உடம்பையோ சொல்லிக் கேலி செய்வது, பையைப் பிடுங்குவது, அல்லது அதைவிட மோசமானது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று நின்று, காரணம் கேட்டால் கண் கலங்கினால் தோண்டித் துருவாதீர்கள். "நீ சொல்றதை நம்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் 2012-ஆம் வருடத்துப் போக்சோ சட்டப்படி போலீசில் சொல்ல வேண்டியது உங்கள் கடமை, மறைத்தால் உங்கள் மேலேயே வழக்கு வரும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள்.

6. விளைவு: ஆட்ட நேரம் மட்டும்

காரணமெல்லாம் பார்த்து, நேரமெல்லாம் மாற்றிக் கொடுத்த பிறகும் சொல்லாமல் நிற்கிறவனுக்கு நாங்கள் வைத்திருப்பது இது. சொல்லாமல் ஒருமுறை வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் முதல் செட் வெளியே. மாதத்தில் மூன்று முறை என்றால் அடுத்த போட்டிக்குப் பயணம் இல்லை, ஆனால் பிராக்டிஸுக்கு வரலாம், வர வேண்டும். மாதம் முடிந்தால் கணக்கு பூஜ்யம். பழைய பாக்கியைச் சுமந்துகொண்டு யாரும் உற்சாகமாக வரமாட்டார்கள்.

14 வயதுக்குக் கீழே இதை அப்படியே போடாதீர்கள். அந்த வயதில் வருவதும் வராததும் அப்பாவின் பைக்கைப் பொறுத்தது. அவர்களுக்குப் பெற்றோரிடம் பேச்சு மட்டும்.

அடிப்பது, முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது எதுவும் கூடாது. 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிப் பிள்ளைகளை உடலாலும் மனதாலும் தண்டிப்பதைத் தடை செய்கிறது. "நாங்கெல்லாம் அடி வாங்கித்தான் ஆடினோம்" என்று சில அப்பாக்களே உங்களிடம் வந்து "நாலு போடுங்க சார்" என்பார்கள். அவர்கள் அனுமதி கொடுத்தாலும் சட்டம் கொடுக்காது. மைதானத்தைச் சுற்றி 10 ரவுண்டு ஓடச் சொல்வதும் வேண்டாம், ஓட்டம் நமக்குத் தினசரி வேலை, அதைத் தண்டனையாக்கிவிட்டு அடுத்த நாள் சந்தோஷமாக ஓடச் சொல்ல முடியாது. ஒருவன் வராததற்கு வந்தவர்களைப் பாடாய்ப்படுத்துவது இதைவிட மோசம், வந்தவனுக்கு அதுதான் கடைசி நாளாக இருக்கும்.

7. அணியிலேயே நல்லா ஆடுகிறவன் மட்டம் போட்டால்

விதியின் உண்மையான பரீட்சை இது. எட்டாவது ஆட்டக்காரனை வெளியே உட்காரவைக்க எல்லோராலும் முடியும். அரையிறுதிக்கு முந்தின வாரம் ஸ்மாஷர் இரண்டு நாள் சொல்லாமல் நின்றுவிட்டு வந்து நிற்பான். அவன் அப்பா பேசுவார், தலைமை ஆசிரியர் பேசுவார், ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் போன் போடுவார். அவனை இறக்கினால் அந்த ஆட்டம் ஜெயிக்கலாம், அடுத்த வாரம் முழு அணியும் 5.30-ஐ 6 மணி ஆக்கிவிடும். பிள்ளைகள் நோட்டைப் பார்க்கமாட்டார்கள், உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இதில் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, ஆட்டத்தன்று காலையில் சொல்லாமல் இரண்டு நாள் முன்னாலேயே பையனிடமும் வீட்டிலும் சொல்லுங்கள்: "முதல் செட் தம்பி வெளிய இருப்பானுங்க, ரெண்டாவது செட்ல இறங்குவான்." இரண்டு, தலைமை ஆசிரியரிடம் அவருடைய சுருக்கொப்பம் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள், வாக்குவாதம் வேண்டாம். மூன்றாவது ஜூனிலேயே செய்ய வேண்டியது. ஒரே செட்டரை நம்பி ஆடுகிற முறையைச் சின்ன வயதில் தொடாதீர்கள். இரண்டு செட்டர், நாலு அட்டாக்கர் என்று 4-2 முறையில் ஆடப் பழக்குங்கள், மூன்றாவதாக ஒருவனுக்கும் செட்டிங் சொல்லிக்கொடுங்கள். ஆள் மாற்று இல்லாத அணியின் கோச்சுக்கு விதி போடத் தைரியம் வராது.

பொங்கல் சமயத்தில் ஊர் ஊராக மின்னொளிப் போட்டி நடக்கும். உங்கள் பையனை வேறு அணிக்காரர்கள் பைக்கில் கூட்டிக்கொண்டு போய் ராத்திரி 2 மணி வரை ஆடவிட்டு, கையில் 500 ரூபாய் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த நாள் அவன் எப்படி வருவான்? போகக்கூடாது என்று தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் முன்கூட்டியே உங்களிடம் சொல்ல வேண்டும், உங்கள் போட்டிக்கு முந்தின மூன்று நாள் போகக்கூடாது என்று விதியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

8. "இதுல என்னங்க வரும்?" என்று கேட்கும் பெற்றோர்

மட்டம் போடுவது பல சமயம் பிள்ளை இல்லை, வீடு. "பந்தடிச்சா சோறு போடுமா?" என்ற கேள்விக்கு அப்துல் கலாம், சச்சின் என்று மேடைப் பேச்சு பேசாதீர்கள், கணக்குச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மாநில அரசு வேலையில் 3 சதவீதம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் தேர்வானால் தங்குவதும் சாப்பாடும் பயிற்சியும் இலவசம், 7, 8, 9, 11-ஆம் வகுப்புகளில் சேர்க்கை நடக்கும். எந்த அளவுப் போட்டியில் ஆடினான் என்பதைப் பொறுத்துத்தான் மதிப்பெண், குறுவட்டச் சான்றிதழை மட்டும் வைத்து எதுவும் கிடைக்காது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். உறுதி எதுவும் கொடுக்காதீர்கள். இந்த ஊரில் "சீட் வாங்கித் தரேன்" என்று ஒருமுறை வாய்விட்டால் பத்து வருடத்துக்கு அதைச் சொல்லியே கேட்பார்கள்.

அப்பாவை வீட்டில் போய்ப் பாருங்கள். சாளைக்கு வந்த வாத்தியாருக்கு இருக்கிற மரியாதை போனுக்கு இல்லை. மோர் கொடுப்பார்கள், குடியுங்கள். அப்பத்தா இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள், பல வீட்டில் முடிவு அங்கேதான்.

9. செலவு

வருகையைக் கூட்ட நான் பார்த்ததிலேயே மலிவான வழி தீனி. பிராக்டிஸ் முடிந்ததும் ஒரு அவித்த முட்டை, அல்லது ஒரு கை அவித்த கடலை, ஒரு வாழைப்பழம். பக்கத்திலேயே நாமக்கல் இருக்கிறது, முட்டைக்குப் பஞ்சமில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்று வைத்தாலும் 12 பேருக்கு 20 நாளைக்கு 2,400 ரூபாய். மதியச் சத்துணவுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடாமல் 5.30-க்கு வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு இது என்ன என்பது ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியும்.

பஸ் காசு இல்லாத பிள்ளைகளுக்கு மாதம் 300, 400 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள், யாருக்குக் கொடுக்கிறோம் என்று மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். பணம் ஊர் மில்லிலோ பழைய மாணவர்களிடமோ கேட்டால் கிடைக்கும். வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது, மாதக் கடைசியில் வரவு செலவைக் குரூப்பில் போட்டுவிடுங்கள். கணக்குக் காட்டாத கோச்சைப் பற்றி டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பினால் பிள்ளைகளை அனுப்புவது நின்றுவிடும்.

வராததற்கு அபராதம் என்று 10, 20 வசூலிக்கும் வழக்கம் சில இடத்தில் உண்டு. வேண்டாம். காசு இருக்கிறவன் கட்டிவிட்டு மட்டம் போடுவான், இல்லாதவன் கட்ட முடியாமல் நின்றுவிடுவான்.

10. நின்றவர்கள் திரும்பி வரும்போது

காய்ச்சலோ அடியோ ஆகி இரண்டு வாரத்துக்கு மேல் விட்டவனை முதல் நாளே ஸ்மாஷ் அடிக்க விடாதீர்கள். முதல் வாரம் பாதி நேரம், குதிப்பு இல்லை, இரண்டாவது வாரம் முழு நேரம். டெங்கு, டைஃபாய்டு என்றால் மருத்துவர் சரி என்று எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கி நோட்டில் ஒட்டுங்கள். வந்த அன்றைக்கு "ஓ, துரை இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்ற கிண்டலை நீங்களும் செய்யாதீர்கள், மற்றவர்களையும் செய்யவிடாதீர்கள்.

எவ்வளவு பேசினாலும் சில பிள்ளைகளுக்கு ஆட்டம் பிடிக்காது, அப்பாவுக்குத்தான் பிடிக்கும். அதை இரண்டு மாதத்தில் கண்டுபிடித்துவிடலாம், பந்து பக்கத்தில் வந்தாலும் கை நீளாது. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிடுங்கள். வாங்கி வைத்த ஆவண நகல்களைத் திருப்பிக் கொடுங்கள், இதுவரை ஆடிய போட்டிகளின் பங்கேற்புச் சான்றுகளை மறக்காமல் கையில் சேருங்கள்.

படிப்புக்காக நிற்கிற 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை நோட்டில் அடிக்க வேண்டாம். 'விடுப்பு' என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். பொதுத்தேர்வு முடிந்த அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள், ஏப்ரல் காலை 6 மணி பேட்ச்சுக்கு ஆள் தேவைப்படும்.